பேட்டரி செத்துப்போன பழைய லேப்டாப்பை அடாப்டரிலேயே ஓட்டலாமா?

கெடிலக்கரை (மஞ்சக்குப்பம்)

எல்லோருக்கும் வணக்கம். பண்ருட்டிப் பக்கம் முந்திரி வியாபாரிகள் சிலருக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். டேலி, ஜிஎஸ்டி தாக்கல் எல்லாம் ஒரே லேப்டாப்பில்தான். அலுவலகங்களில் கழித்துவிட்டதை வாங்கி விற்பவரிடம் எடுத்தது. இரண்டாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம், எஸ்எஸ்டி மாற்றியது. என் வேலைக்கு இன்றைக்கும் தாராளம்.

பேட்டரிதான் போய்விட்டது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து வந்தது, இப்போது அடாப்டரைப் பிடுங்கிய நொடியே திரை இருண்டுவிடுகிறது. மூலையில் 'பிளக்டு இன், நாட் சார்ஜிங்' என்றே நிற்கிறது. விண்டோஸில் பேட்டரி ரிப்போர்ட் எடுத்துப் பார்த்தேன். டிசைன் கெப்பாசிட்டி (புதிதில் இருந்தது) 48,840, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி (இப்போது இருப்பது) 2,100 மில்லிவாட் அவர் என்று காட்டுகிறது.

இதோடு இன்னும் இரண்டு தொல்லை. பழைய அடாப்டர் ஒயர் பிய்ந்துவிட்டதால் திருப்பாப்புலியூரில் ஒரு கடையில் வேறு அடாப்டர் வாங்கினேன். அன்றிலிருந்து லேப்டாப் ஒரே மந்தம். டேலியில் ஒரு வவுச்சர் திறப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. அப்புறம், இரவு சுவிட்சை அணைத்துவிட்டுக் காலையில் போட்டால் தேதி 2012 ஜனவரி என்று வருகிறது. ஜிஎஸ்டி தளம் திறக்க மாட்டேன் என்கிறது.

பேட்டரியைக் கழற்றிவிட்டு அடாப்டரிலேயே ஓட்டலாமா? புது பேட்டரி வாங்குவதா, அந்தக் காசில் யுபிஎஸ் வாங்குவதா? மாதம் 20-ஆம் தேதி ஜிஎஸ்டி 3பி படிவத் தாக்கல் இருப்பதால் லேப்டாப்பை எங்கும் நாள்கணக்கில் விட்டுவைக்க முடியாது.

உப்பனாறு (கடலூர் முதுநகர்)

தாராளமாக ஓட்டலாம் தம்பி. லேப்டாப்பை அணைத்து, அடாப்டரையும் பிடுங்கிவிட்டு, அடியில் இருக்கும் தாழ்ப்பாளைத் தள்ளிப் பேட்டரியை எடுங்கள். அப்புறம் அடாப்டரைச் செருகிப் போடுங்கள். செத்த பேட்டரி உள்ளே இருப்பதை விட வெளியே இருப்பது நல்லது. அடாப்டர் அதற்குச் சார்ஜ் ஏற்றப் பார்த்து அதுவும் சூடாகிறது.

மின்சாரம் பற்றி விவரமாக இரவு எழுதுகிறேன்.

நேருவீதி பட்டறை (புதுச்சேரி)

தம்பி, உங்கள் மூன்று தொல்லைக்கும் மூன்று தனிக் காரணம். ஒன்றோடு ஒன்றைக் குழப்பினால் தேவையில்லாமல் செலவு வைக்கும்.

முதலில் மந்தம். டாஸ்க் மேனேஜரைத் திறந்து சிபியு வேகம் எவ்வளவு என்று பாருங்கள். என்ன வேலை கொடுத்தாலும் 0.78, 0.80 கிகாஹெர்ட்ஸ் என்று அதே இடத்தில் நின்றால் குற்றவாளி பேட்டரி இல்லை, அடாப்டர். டெல், ஹெச்பி இரண்டிலும் பெரும்பாலான அடாப்டர் முனையில் நடுவே மெல்லிய ஊசி ஒன்று இருக்கும். மின்சாரம் வருவது சுற்றியுள்ள வளையத்தில். நடு ஊசி, 'நான் இத்தனை வாட் அடாப்டர்' என்று லேப்டாப்புக்குச் சொல்வதற்காக மட்டும். விலை மலிவான அடாப்டர்களில் அந்தத் தகவல் ஒழுங்காகப் போகாது. யார் என்று தெரியாத அடாப்டரிடம் அதிகம் இழுக்கக் கூடாது என்று லேப்டாப் தானாகவே வேகத்தை அடிமட்டத்துக்கு இறக்கிவிடும், சார்ஜும் ஏற்றாது. பயாஸுக்குள் (விண்டோஸ் கிளம்புமுன் திறக்கும் அமைப்புத் திரை) போனால் அடாப்டர் வகை என்ற இடத்தில் வாட் எண் இல்லாமல் 'அன்நோன்' என்று இருக்கும். வாட் எண் சரியாகத் தெரிகிற அடாப்டரைப் போட்டால் மந்தம் போய்விடும். வாங்கும்போது லேப்டாப்பைக் கையோடு கொண்டுபோய், கடையிலேயே பயாஸில் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

பேட்டரி இல்லாமல் ஓட்டுவதென்றால் 65 வாட் போதும் என்ற இடத்தில் 90 வாட் வாங்குங்கள். வேலை உச்சத்துக்குப் போகும் நொடியில் அடாப்டருக்குப் பேட்டரியும் கைகொடுக்கும்படி அமைந்த லேப்டாப்புகள் உண்டு. பேட்டரி இல்லாதபோது அந்தச் சுமையும் அடாப்டர் தலையில்தான். பழைய ஆப்பிள் மேக்புக்குகளில் பேட்டரியைக் கழற்றினாலே வேகத்தைக் குறைத்துவிடுவார்கள், காரணம் இதுதான். வாட் கூடினால் ஆபத்து இல்லை, லேப்டாப் தனக்கு வேண்டியதை மட்டும்தான் இழுக்கும். வோல்ட் மட்டும் பழையதில் அச்சிட்டிருந்தபடியே இருக்க வேண்டும். 19.5 என்றால் 19.5.

தேதி மாறுவதற்குக் காரணம் உள்ளே இருக்கும் காசு பேட்டரி. சிஆர் 2032, 3 வோல்ட். பெரிய பேட்டரி உயிரோடு இருந்தவரை கடிகாரத்துக்கு அதுவே மின்சாரம் கொடுத்துவந்தது. அது போனபின் காசு பேட்டரி தனியாகத் தாங்கித் தீர்ந்துவிட்டது. தேதி தப்பாக இருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று பிரவுசர் எந்தத் தளத்தையும் திறக்காது, டிஜிட்டல் கையெழுத்தும் போட முடியாது. சில லேப்டாப்பில் அடிமூடியைக் கழற்றினால் கண்ணுக்கு நேரே இருக்கும். சிலவற்றில் மஞ்சள் உறை சுற்றி இரண்டு ஒயரோடு இருக்கும், அதை ஒயரோடு அப்படியே கேட்டு வாங்குங்கள். வெறும் காசை வாங்கி அதில் ஒயரைப் பற்றவைக்க வேண்டாம், பற்றுக்கோல் (சோல்டரிங் அயர்ன்) சூட்டில் வெடிக்கும்.

பாகூர் ஏரி

வணக்கம். நான் ஆசிரியர், பட்டறை வேலை ஓரளவு தெரியும். பழைய பேட்டரியைப் பிரித்து செல் மாற்றிப் போடலாமே? உள்ளே இருப்பது '18650' எனப்படும் உருளை செல் ஆறுதான். எங்கள் பக்கம் விலையில்லா மடிக்கணினி வாங்கிய பிள்ளைகள் வீட்டில் பேட்டரி போய் எத்தனையோ லேப்டாப் பரண் மேல் கிடக்கிறது. ஆளுக்கு 2,000 ரூபாய் கொடுத்துப் புது பேட்டரி வாங்கச் சொல்ல மனம் வரவில்லை.

நேருவீதி பட்டறை

சார், உங்கள் அக்கறை புரிகிறது, ஆனால் இதைப் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

செல் மாற்றுவது நடக்காத காரியம் இல்லை. சிக்கல் செல்லில் இல்லை, கூடவே இருக்கும் சர்க்யூட்டில். அந்தச் சில்லு ஒவ்வொரு செல்லின் வோல்ட்டையும் பார்த்துக்கொண்டே இருக்கும். செல்லைப் பிரித்த மாத்திரத்தில் பழுது என்று தனக்குள்ளேயே குறித்துக்கொண்டு நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும் வகைகள் நிறைய. புது செல் போட்டாலும் திறக்காது. திறக்க அந்தச் சில்லோடு பேசும் கருவியும் மென்பொருளும் வேண்டும். அது இருந்தாலும், செல்லை நிக்கல் பட்டையில் ஸ்பாட் வெல்டிங்தான் செய்ய வேண்டும். சாதாரணப் பற்றுக்கோலை லித்தியம் செல்லின் முனையில் வைத்தால் உள்ளே இருக்கும் மெல்லிய பிரிப்புத்தாள் சுருங்கும். அதன் விளைவு ஒன்று அன்றே தெரியும், இல்லை ஆறு மாதம் கழித்துத் தெரியும்.

அடுத்தது செல்லின் தரம். 9,900 எம்ஏஎச் என்று பெரிய எழுத்தில் அச்சடித்த 18650 செல்கள் விற்கிறார்கள். அந்த அளவில், 18 மில்லிமீட்டர் குறுக்களவும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ள செல்லில், நல்ல நிறுவனங்கள் தருவதே 3,500 சுற்றி. நல்ல செல் ஒன்றைத் தராசில் வைத்தால் 45 கிராம் அளவுக்கு இருக்கும். இந்தப் போலிகளைக் கையில் எடுத்தாலே வித்தியாசம் தெரியும், அவ்வளவு லேசு. ஒரு போலி செல்லை நாங்கள் பிரித்துப் பார்த்தபோது உள்ளே சிறிய செல் ஒன்றும் மிச்ச இடத்தில் வெள்ளைப் பொடியும் இருந்தன.

ஃப்ரிட்ஜில் வைத்தால் பேட்டரி பிழைக்கும் என்பதும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. லித்தியம் செல்லில் போன கொள்ளளவு குளிரில் திரும்பாது. வெளியே எடுத்ததும் நீர்த்துளி கோத்து சர்க்யூட்தான் கெடும்.

லாஸ்பேட்டை மாணவி

அண்ணா, இதைப் படித்ததும் பயமாக இருக்கிறது. என்னுடையது மெல்லிய லேப்டாப், பேட்டரி உள்ளேயே இருக்கும் வகை. கொஞ்ச நாளாக டச்பேட் கிளிக் ஆகவில்லை. ஒரு பக்கம் மேலே எழும்பியிருக்கிற மாதிரி இருக்கிறது. மேஜையில் வைத்தால் ஆடுகிறது. பேட்டரி நிற்கவில்லை என்பதால் எப்போதும் சார்ஜரிலேயே போட்டு வைத்திருக்கிறேன். இதுவும் பேட்டரிதானா?

நேருவீதி பட்டறை

தங்கச்சி, முதலில் லேப்டாப்பை அணைத்து சார்ஜரைப் பிடுங்கு. மிச்சத்தை அப்புறம் படி.

அது பேட்டரி உப்பியிருக்கிறது. மெல்லிய லேப்டாப்பில் உருளை செல் இல்லை, அலுமினியத் தாள் பைக்குள் அடைத்த தட்டையான செல். உள்ளே இருக்கும் திரவம் சிதையும்போது வாயு உண்டாகும், போக வழியில்லாமல் பை உப்பும். அதற்கு நேர் மேலே டச்பேட் இருப்பதால் அதுதான் முதலில் தூக்கும். எந்நேரமும் நூறு சதவீதத்தில், சூட்டோடு வைத்திருப்பதுதான் பேட்டரியை இந்த நிலைக்குச் சீக்கிரம் கொண்டுபோகிறது.

டச்பேடை அழுத்தி உள்ளே தள்ளாதே. மெத்தை மேல், துணி அலமாரிக்குள் வைக்காதே, வெறும் தரையில் தனியாக வை. கொண்டுவரும்போது புத்தகங்களோடு பையில் நெருக்காமல் தட்டையாகக் கொண்டுவா. நீயே திறக்க வேண்டாம். பெரும்பாலும் பசை போட்டு ஒட்டியிருக்கும், ஸ்க்ரூ டிரைவரால் நெம்பும்போது பை கிழிந்தால் அந்த இடத்திலேயே பற்றிக்கொள்ளும். நான் கழற்றினாலும் முதலில் போர்டிலிருந்து கனெக்டரைப் பிரித்துவிட்டு, பசையை இளக்கி, பிளாஸ்டிக் அட்டையால் மெதுவாகத்தான் கிளப்புவேன். நேரம் எடுக்கும் வேலை. யாராவது ஐந்து நிமிடத்தில் எடுத்துத் தருகிறேன் என்றால் கொடுக்காதே.

பேட்டரி இல்லாமல் அடாப்டரில் ஓடுமா என்றால், பெரும்பாலானவை ஓடும். சில மாடல்கள் பேட்டரி இல்லாமல் கிளம்பவே மாட்டா. பார்த்துச் சொல்கிறேன்.

உப்பனாறு

அந்தப் பெண்ணுக்கு ஒரு வார்த்தை சேர்க்கிறேன். புகை வந்தால் கையால் தூக்காதே, ஆள் விலகிவிடு, முடிந்தால் மெயின் சுவிட்சை அணை. விமானத்தில் பயணியின் லேப்டாப் பேட்டரி தீப்பிடித்தால்கூட அணைத்த பின் தண்ணீர் ஊற்றிக் குளிர வைக்கத்தான் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். சுடர் அடங்கினாலும் பக்கத்து செல்லின் சூட்டில் மறுபடி பற்றும் என்பதால்தான்.

இப்போது மின்சார விஷயம். பேட்டரி இல்லாத லேப்டாப் என்பது மேஜைக் கணினி மாதிரிதான், அந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலையில் நிறுத்தப் போகிறார்கள் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும், அது பிரச்சினையே இல்லை. ஐப்பசி கார்த்திகையில் கண் சிமிட்டும் நேரம் போய் வருகிறதே, அதுதான் டேலியைக் கெடுக்கும். பதிவை எழுதிக்கொண்டிருக்கும்போது அறுந்தால் அந்தக் கோப்பே பாழாகும்.

நிறைய பேர் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, அது போதுமே என்பார்கள். போதும், ஆனால் அதன் பின்பக்கம் ஒரு சிறு சுவிட்சைப் பாருங்கள். பல இன்வெர்ட்டர்களில் யுபிஎஸ், நார்மல் என்று இரண்டு நிலை இருக்கும். நார்மலில் இருந்தால் மின்சாரம் போய் இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்வதற்குள் கொஞ்சம் இடைவெளி விழும். மின்விசிறிக்கும் விளக்கிற்கும் அது தெரியாது. அடாப்டருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர் தாங்குவது முழுச் சுமையில் 10, 20 மில்லி செகண்ட். நம் மின்சாரத்தின் ஒரு சுற்றே 20 மில்லி செகண்ட். அதைத் தாண்டினால் லேப்டாப் அணைந்துவிடும். யுபிஎஸ் நிலையில் வைத்தால் இடைவெளி குறைந்துவிடும். அந்த நிலையில் வோல்ட் கொஞ்சம் ஏறி இறங்கினாலே பேட்டரிக்குத் தாவும் என்பதால் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு வேலை கூடும். வோல்ட் சீராக வராத தெருவில் இருப்பவர்கள் அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

இன்வெர்ட்டர் இல்லாத வீட்டுக்கு 600 விஏ யுபிஎஸ் ஒன்று போதும். உள்ளே 12 வோல்ட் 7 ஏஎச் ஈயப் பேட்டரி. கணக்குக்கு 84 வாட் அவர், ஆனால் வேகமாக இழுக்கும்போது அவ்வளவும் வராது, மாற்றும்போதும் கொஞ்சம் வீணாகும். 40 வாட் இழுக்கும் லேப்டாப்புக்கு அரை மணி நேரம் தைரியமாக நம்பலாம். மோடத்தையும் அதிலேயே போடுங்கள். லேசர் பிரிண்டரைப் போடவே கூடாது, தாளைச் சூடாக்கும் உருளை கிளம்பும்போது நூற்றுக்கணக்கில் வாட் இழுக்கும், யுபிஎஸ் அலறி விழுந்துவிடும். அந்த ஈயப் பேட்டரிக்கும் இரண்டு மூன்று ஆண்டுதான் ஆயுள். ஆனால் தெருமுனைக் கடையில் கிடைக்கும், உங்கள் லேப்டாப் மாடல் எதுவானாலும் பொருந்தும். புது லேப்டாப் பேட்டரியை விட யுபிஎஸ் வாங்குங்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

இன்னொன்று, மூன்று முனை பிளக்கை இரண்டு முனைச் செருகியில் மாற்றிப் போடாதீர்கள். எர்த் இல்லாவிட்டால் உலோக உடம்பில் கை வைக்கும் இடத்தில் கூசும். கடற்கரைப் பக்க வீடுகளில் பிளக் பாயின்ட்டின் பித்தளையே உப்புக்காற்றில் பச்சை பிடித்துத் தளர்ந்திருக்கும், யுபிஎஸ் வாங்குமுன் அதை மாற்றுங்கள்.

லாஸ்பேட்டை மாணவி

அணைத்துத் தரையில் வைத்துவிட்டேன் அண்ணா. நாளைக் காலை கொண்டுவருகிறேன். யுபிஎஸ் விடுதியில் வைக்க இடம் இல்லை. என் தோழி 65 வாட் பவர் பேங்க் வைத்திருக்கிறாள், டைப்-சி யிலிருந்து லேப்டாப் முனைக்கு மாற்றும் கேபிளும் விற்கிறார்களாம். சரிவருமா?

நேருவீதி பட்டறை

உன்னுடையது டைப்-சி யிலேயே சார்ஜ் ஆகும் லேப்டாப் என்றால் கேபிளே வேண்டாம், நேராக முயன்று பார்க்கலாம். பழைய உருண்டை முனை என்றால் அந்தக் கேபிள் பவர் பேங்கிடம் 20 வோல்ட் கேட்டு வாங்கும். நடு ஊசி உள்ள லேப்டாப்பில் நான் மேலே சொன்ன அதே மந்தம் வரலாம். இன்னொரு விஷயம், பவர் பேங்கின் இன்னொரு துளையில் போனைச் செருகினால் பல பவர் பேங்குகள் எல்லாத் துளையையும் ஒரு நொடி நிறுத்தி மறுபடி தொடங்கும். பேட்டரி இல்லாத லேப்டாப்புக்கு அந்த ஒரு நொடி போதும், அணைந்துவிடும். லேப்டாப் ஓடும்போது வேறு எதையும் அதில் செருகாதே.

உன் விஷயத்தில் நான் புது பேட்டரியே போடச் சொல்வேன். வகுப்புக்கும் நூலகத்துக்கும் தூக்கிக்கொண்டு போகிறவளுக்கு ஒயரோடு கட்டிய லேப்டாப் உதவாது. வாங்கும்போது தயாரிப்பு மாதத்தைப் பார், லித்தியம் பெட்டிக்குள் சும்மா இருந்தாலும் வயதாகும். போட்டபின் பயாஸிலோ அந்த நிறுவனத்தின் மென்பொருளிலோ சார்ஜ் வரம்பு இருக்கிறதா பார்த்து 80 சதவீதத்தில் நிறுத்து. லெனோவோவில் கன்சர்வேஷன் மோட் என்று இருக்கும், மாடலைப் பொறுத்து 60 பக்கத்திலோ 80 பக்கத்திலோ நின்றுவிடும்.

கெடிலக்கரை

அண்ணா, நீங்கள் சொன்னதேதான். டாஸ்க் மேனேஜரில் 0.79. பயாஸில் அடாப்டர் 'அன்நோன்'. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன், நல்லவேளை மாற்றிக் கொடுத்தார்கள். இப்போது 90 வாட் என்று காட்டுகிறது, டேலி பழையபடி பறக்கிறது. காசு பேட்டரியும் மாற்றியாயிற்று, தேதி நிற்கிறது. உப்பனாறு ஐயா சொன்னபடி 600 விஏ யுபிஎஸ் வைத்துவிட்டேன்.

பேட்டரியைக் கழற்றியபின் புதிதாக இரண்டு சங்கடம். பின்பக்கத்து இரண்டு ரப்பர் காலும் பேட்டரியின் அடியில்தான் இருந்திருக்கிறது. இப்போது லேப்டாப் பின்னால் சாய்ந்து, காற்று போகும் துளை மேஜையோடு ஒட்டிக்கொள்கிறது. அடாப்டர் முனையும் கை பட்டாலே அசைகிறது, அசைந்தால் அணைந்துவிடுமே என்று பயந்து பயந்து தட்டச்சு செய்கிறேன்.

நேருவீதி பட்டறை

ஒட்டும் ரப்பர் புஷ் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், பின் ஓரத்தில் இரண்டு ஒட்டுங்கள். பேட்டரி இருந்த குழியைத் திறந்து விடாதீர்கள். எங்களிடம் வரும் லேப்டாப்பில் அந்த வழியாகக் கரப்பான் நுழைந்து போர்டில் முட்டையிட்டிருக்கும், எறும்பும் விடாது. கெட்டி அட்டையை அளவுக்கு வெட்டி மூடுங்கள். காற்றுத் துளையை மறைக்காமல், பேட்டரி கனெக்டரின் தகடுகளில் எந்த உலோகமும் படாமல் இருந்தால் சரி.

முனை அசைவதற்கு, ஒயரை ஒரு சிறு வளையமாகச் சுற்றி, மேஜை ஓரத்தில் கிளிப் போட்டு நிறுத்துங்கள். யாராவது ஒயரை இழுத்தால் கிளிப் தாங்கும், முனைக்கு வராது. அப்புறமும் அசைந்தால் ஜாக்கையே மாற்ற வேண்டும். சில மாடலில் ஒயரோடு தனியாகக் கழன்று வரும், சுலபம். அடாப்டர் பெட்டிக்குள் செருகும் மூன்று துளை ஒயரையும் அழுத்திப் பாருங்கள், முக்கால்வாசிப் பேர் அதை மறந்துவிடுகிறார்கள்.

பாகூர் ஏரி

செல் மாற்றும் யோசனையை விட்டுவிட்டேன், பரண் மேல் கிடக்கும் லேப்டாப்புகளை யுபிஎஸ்ஸோடு பள்ளிக்கே கொண்டுவந்து ஒரு மேஜையில் வரிசையாக வைக்கலாமா என்று தலைமையாசிரியரிடம் கேட்டிருக்கிறேன். விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டதால் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போடப் போகிறோம்.

கெடிலக்கரைத் தம்பிக்கு ஒன்று. டேலி தரவுக் கோப்புறையை நாள் முடிவில் பேக்கப் எடுத்து பென் டிரைவில் வையுங்கள், அதே எஸ்எஸ்டியில் வைத்துப் பயனில்லை. ஆவணங்களில் தானாகச் சேமிக்கும் இடைவெளியை 2 நிமிடமாகக் குறைத்துவிடுங்கள், லிப்ரே ஆபிஸில் தானாக வருவது 10 நிமிடம். லேப்டாப் மூடியை மூடினால் ஸ்லீப்புக்குப் போவதையும் மாற்றி ஹைபர்னேட் (வேலையை டிஸ்க்கில் எழுதிவைத்துவிட்டு அணைவது) ஆக வையுங்கள். ஸ்லீப்பில் எல்லாம் ராமில்தான் நிற்கிறது, மின்சாரம் போனால் அதுவும் போய்விடும்.

கெடிலக்கரை

மூன்றையும் இப்போதே செய்துவிட்டேன் சார், நன்றி. கழற்றிய பேட்டரியை என்ன செய்வது? குப்பை வண்டியில் போடச் சொல்கிறார்கள் வீட்டில்.

உப்பனாறு

போடாதீர்கள். குப்பை லாரியில் நசுங்கினால் அங்கேயே தீப்பிடிக்கும். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழைய பேட்டரியைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது. உங்கள் லேப்டாப் நிறுவனத்தின் சேவை மையத்தில் கேளுங்கள், இல்லை பதிவு பெற்ற மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுங்கள். அதுவரை கனெக்டர் தகடுகள் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டி, வெயில் படாத இடத்தில், சாவிக்கொத்து சில்லறையோடு சேராமல் தனியாக வையுங்கள்.

நேருவீதி பட்டறை

கடலூரிலிருந்து இந்தப் பக்கம் வரும்போது என்னிடமே கொடுத்துவிடுங்கள் தம்பி. சேகரிப்பவர் எங்களிடம் வந்து மொத்தமாக எடுத்துப்போவார், அந்தத் தங்கச்சியின் உப்பிய பேட்டரியும் இப்போது மணல் வாளிக்குள் அதற்காகத்தான் காத்திருக்கிறது. அவள் லேப்டாப் அடாப்டரில் நன்றாக ஓடுகிறது. புது பேட்டரிக்குச் சொல்லியிருக்கிறேன்.